ஹானிபலில் பிறந்தவர்கள், வளர்ந்தவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மார்க் ட்வைன் பிறந்தது அமெரிக்காவின் ஹானிபலில் என்று ஓரிடத்திலும், ஃபுளோரிடாவில் என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: ஃபுளோரிடாதான். ஆனால் கடலோர ஃபுளோரிடா மாநிலம் அல்ல. மிசௌரி மாநிலத்துக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு குக்கிராமம். 1835 நவம்பர் 30-ல் சாமுவேல் கிளெமன்ஸ் (எழுத்தாளர் ட்வைனின் இயற்பெயர்) அங்கே பிறந்தார். 1839-ல் குடும்பம் அதே மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபலுக்குக் குடிபெயர்ந்தது. 1853-ல் அச்சகத் தொழிலாளியாக வெளியூர் கிளம்பும்வரை அவர் வளர்ந்தது அங்கேதான். அவர் கதைகளில் வரும் ஆற்றங்கரை ஊருக்கும் ஹானிபல்தான் மூலம். 'வளர்ந்த ஊர்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: அப்படியானால் ஹானிபலிலேயே பிறந்த பிரபலங்கள் யார்?

பதில்: ஏறக்குறைய 17,000 பேர் வசிக்கும் ஊருக்கு இது அதிகம்தான். ஓவியர் கேரல் பெக்வித் (1852), 1919 முதல் 1923 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அட்மிரல் ராபர்ட் கூன்ட்ஸ் (1864), பேஸ்பால் வீரர் ஜேக் பெக்லி (1867), யூகுலேலே (கிட்டார் போன்ற சிறிய இசைக்கருவி) மீட்டிப் பாடிய கிளிஃப் எட்வர்ட்ஸ் (1895), லியர் ஜெட் விமானத்தை உருவாக்கிய வில்லியம் லியர் (1902). லியர் சிறுவயதிலேயே சிகாகோ போய்விட்டார். பிறப்பை மட்டும் அளவுகோலாக்கினால் அவர் உள்ளே வருவார், ட்வைன் வெளியே நிற்பார். பட்டியல் போடுபவர்கள் 'பிறந்தவர்', 'வளர்ந்தவர்' என்று இரண்டு தலைப்பு வைப்பது நல்லது.

கேள்வி: டைட்டானிக்கில் தப்பிய மாலி பிரவுனும் அந்த ஊர்தானே? பழைய பதிவுகளில் பெயரே கிடைக்கவில்லையே!

பதில்: அந்த ஊர்தான். 1867-ல் பிறந்தபோது அவர் பெயர் மார்கரெட் டோபின். 1886-ல் கொலராடோவின் லெட்வில்லில் திருமணம் ஆனபிறகே 'பிரவுன்'. உயிரோடிருந்தவரை யாரும் 'மாலி' என்று கூப்பிட்டதில்லை. அது பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர். பெண்களைத் தேடும்போது பிறந்தவீட்டுப் பெயரில் தொடங்குங்கள்.

கேள்வி: ஒருவர் ஒரு சிற்றூரில்தான் பிறந்தார் என்பதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: முதலில் பிறப்புப் பதிவு. மிசௌரியில் மாநிலம் முழுமைக்கும் முறையான பதிவு தொடங்கியது 1910-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். 1850 முதல் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் உண்டு (அடிமைகளாக இருந்தவர்களுக்கு 1870 முதல்). 1900-ல் பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், பிறந்த இடம் என்று மாநிலப் பெயரை மட்டுமே எழுதுவார்கள், ஊரை அல்ல. குழந்தை இரண்டு வயதில் அந்த ஊரில் இருந்தது என்று காட்டலாம். அங்கேயே பிறந்தது என்று காட்டாது. போதாததற்கு, 1890 பதிவேடுகள் பெரும்பாலும் 1921 தீவிபத்தில் நாசமாயின. அதனால் 1880-க்கும் 1900-க்கும் இடையே பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையை ஆண்களுக்கு ஓரளவு அடைப்பது முதல் உலகப்போர் ராணுவப் பதிவு அட்டை. 1917 ஜூன் அட்டையில் பிறந்த ஊரைக் கேட்டார்கள். 1918 செப்டம்பர் அட்டையில் கேட்கவில்லை. எந்த அட்டை என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள், நேரம் மிச்சம்.

இரங்கல் குறிப்பை மட்டும் நம்பி எழுதாதீர்கள். தப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் பரவுகின்றன: பேரப்பிள்ளைகள் நினைவில் இருந்ததைச் சொல்லியிருப்பார்கள். வயல்வெளிப் பண்ணையில் பிறந்தவருக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தின் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வதும் உண்டு. மருத்துவமனைப் பிரசவம் வழக்கமான பிறகு இதே குழப்பம் தலைகீழாகிறது: பெற்றோர் சிற்றூரில் இருப்பார்கள், சான்றிதழில் மருத்துவமனை உள்ள நகரம் இருக்கும். அப்போது இரண்டு ஊரையும் குறிப்பிடுங்கள்.

அண்மைக்காலத்தவருக்கு ஒரு தடை உண்டு. கணக்கெடுப்பில் உள்ள தனிநபர் விவரம் 72 ஆண்டுகள் மூடியே இருக்கும். 1950-க்கானது 2022-ல் வெளியானது. 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.