ஆறு வாரக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்கிறார்கள், ஆனால் காத்திருக்கச் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

முதலில், 'ஓட்டை' என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் எதைக் கற்பனை செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மகளுக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் ரத்தம் வெளியே கசிகிறது என்றே நினைத்தேன். அப்படி இல்லை. இதயத்தின் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் பிரிக்கிற நடுச்சுவர் கருவில் வளர்ந்து ஒன்றுசேர வேண்டும், சேராமல் விட்டுப்போன இடம்தான் அது. மேலறைகளுக்கு நடுவில் என்றால் ஏ.எஸ்.டி., கீழறைகளுக்கு நடுவில் என்றால் வி.எஸ்.டி. உங்கள் குழந்தைக்கு எது என்று கேள்வியில் இல்லை. எக்கோ (இதயத்தை ஒலியலையால் பார்க்கிற ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், காத்திருக்கலாமா என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

என் மகளுக்கு வி.எஸ்.டி. பிறந்த அன்று பரிசோதித்த டாக்டர் எல்லாம் சரி என்றார். ஆறாவது வாரம் தடுப்பூசிக்குப் போனபோது இன்னொரு டாக்டர் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே இல்லை. முதல் டாக்டர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல, கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, அன்றைக்குக் கேட்பதற்குப் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம், அதனால் இதயத்தின் இரண்டு பக்கமும் அழுத்தத்தில் அதிக வித்தியாசம் இல்லை, ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் வேகமாகப் பாயாது. வாரங்கள் போகப்போக வலது பக்க அழுத்தம் இறங்கும், அப்போதுதான் இடது பக்கத்து ரத்தம் அந்த வழியாகப் பீய்ச்ச ஆரம்பிக்கும், ஸ்டெதஸ்கோப்பில் மர்மர் என்கிற இரைச்சலும் கேட்கும்.

அடுத்த பயம் அந்தச் சத்தம் பற்றியது. 'பலமான மர்மர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பெரிய ஓட்டை போலிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் இடிந்துபோனோம். உண்மையில் பெரும்பாலும் நேர்மாறு. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள், இடைவெளி சிறுக்கச் சிறுக்கத்தான் தண்ணீர் சீறும். நன்றாக இருக்கிற குழந்தையிடம் பலமான மர்மர் மட்டும் கேட்கிற இந்தச் சின்ன வி.எஸ்.டி.யைப் பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி ரோஜர் 1879-லேயே எழுதி வைத்துவிட்டார். மகளுக்கு 3 மி.மீ., சுவரின் தசைப் பகுதியில். அந்த இடத்தில் உள்ள சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை தசை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்ளும், இவளுக்கு இரண்டு வயதுக்குள் மூடிவிட்டது. நாங்கள் செய்த வைத்தியம், எக்கோவுக்குப் போய்ப் போய் வந்தது மட்டும்தான்.

ஆனால் 'தானாக மூடிவிடும்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூடியது என்பது உங்களுக்குச் சாட்சியும் இல்லை. வால்வுகளை ஒட்டிய இடங்களில் உள்ள சில ஓட்டைகள் தாமாக மூடுவதில்லை. மகாதமனி (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்) வால்வுக்குக் கீழே இருந்தால், அளவு சின்னதாக இருந்தாலும் வால்வின் இதழ் அந்தப் பக்கம் இழுபட்டுக் கசிய ஆரம்பிக்கலாம் என்பதால் ஆபரேஷன் செய்யச் சொல்வார்கள். பெரிய வி.எஸ்.டி. என்றால் நீர் பிரிய மருந்து கொடுத்து, எடை கூட வைத்து, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் மூடிவிடுவார்கள். தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் வருடக்கணக்கில் அதிக ரத்தத்தை அதிக அழுத்தத்தில் வாங்கி வாங்கி நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிடும், பிறகு ரத்தம் திசை மாறி வலமிருந்து இடம் பாயும், உடம்பு நீலம் பாரிக்கும். ஐசன்மெங்கர் என்பார்கள். அந்தக் கட்டத்துக்குப் போனபின் ஓட்டையை மூடினால் அதுவே ஆபத்து.

ஏ.எஸ்.டி. வேறு ரகம், பெரும்பாலும் பெரிதாகச் சத்தம் போடாது. என் பெரியம்மா மகளுக்கு 38 வயதில்தான் தெரிந்தது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று போனபோது. அப்புறம் தொடைச் சிரை வழியாகக் குழாய் விட்டு, குடை போல விரியும் உலோக வலைச் சாதனத்தால் அடைத்தார்கள், நெஞ்சைத் திறக்கவில்லை. சில வகை ஏ.எஸ்.டி.க்கு இது சரிவராது, ஆபரேஷன்தான்.

சரி, உங்களுக்கு. காத்திருக்கச் சொன்னது அலட்சியம் என்று நினைக்காதீர்கள், ஆனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: எந்தச் சுவர், எத்தனை மி.மீ., வால்வுக்குப் பக்கத்திலா, இதய அறை வீங்கியிருக்கிறதா, நுரையீரல் அழுத்தம் எப்படி. வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது குழந்தை பால் குடிப்பதைத்தான். நெற்றி வியர்க்கிறதா, கொஞ்சம் குடித்ததும் மூச்சு வாங்கி விட்டுவிடுகிறதா, தூங்கும்போதும் மூச்சு வேகமாக இருக்கிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா. இதில் ஏதாவது இருந்தால் கொடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள். உதடு நீலமானாலோ பால் குடிக்கவே முடியாமல் போனாலோ நேராக அவசரச் சிகிச்சைக்கு.

இன்னொன்று, எக்கோ எடுக்கப் போகும்போது முடிந்தால் குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுப்பார்களா, அதற்கு முன் எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்காமல் போய், பால் கொடுத்துவிட்டதால் திருப்பி அனுப்பப்பட்டோம்.