மெஷினை நிறுத்தினால் குற்றமா? ஷாப் ஃப்ளோர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கம்பெனியில் 'லீன்', அதாவது வீணானதை எல்லாம் குறைத்து வேலை நடத்துகிற டொயோட்டா பாணி முறை, கொண்டுவந்திருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று ஆபரேட்டர், சூப்பர்வைசர், முதலாளி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். யாருடைய வேலைக்கும் வம்பு வரக்கூடாது என்பதால் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோவை கணபதியிலிருந்து ஒரு சி.என்.சி. ஆபரேட்டர்: ஃபைவ் எஸ் என்று சொல்லித் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள், போர்டு மாட்டினார்கள். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி ஓவர்டைம் போட்டுத் துடைக்கிறோம். ரெண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. இதனால் யாருக்கு லாபம் சார்?

இப்போதைக்குப் பெயின்ட் கடைக்காரருக்கு.

தம்பி, நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இது புதிதே இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்குச் செய்கிறோம். அன்றைக்கு லேத்துக்கு அடியிலிருந்து என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். எப்போதோ தொலைந்துபோன ஆலன் கீ, யாருடைய ஜாப், அதாவது யார் செய்கிற உருப்படி, என்றே தெரியாத நாலு காஸ்டிங், முனை உடைந்த டிரில் பிட், ஒற்றைக் கையுறை. எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அவற்றைத் திரும்ப அங்கேயே தள்ளிவிட்டுப் பொரி சாப்பிடப் போய்விடுவோம்.

ஜப்பான்காரர்கள் சொல்கிற ஐந்து எஸ் என்பது செய்ரி, செய்டொன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரித்து வெளியே அனுப்பு, வேண்டியதற்கு ஓர் இடம் கொடு, துடை, இதை எல்லோரும் ஒரே மாதிரி செய்ய ஒரு முறை வை, அப்புறம் அது பழக்கமாகட்டும். நம்மவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராகத் துடைக்கப் போய்விடுகிறார்கள். காரணம் சாதாரணம்: 'எப்பவாவது தேவைப்படும்' என்று இருபது வருடமாகச் சேர்த்த பொருளை வெளியே போட யாருக்கும் மனசு வராது. அதனால் குப்பையைச் சுற்றி அழகாகக் கோடு போடுகிறோம்.

துடைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மெஷினைத் துடைப்பது தரை பளபளக்க வேண்டும் என்பதற்காக இல்லை. துணியோடு கை போகும்போதுதான் ஹைட்ராலிக் ஹோஸில் ஈரம் கசிகிறது, இந்த போல்ட் ஆடுகிறது, இங்கே சூடு அதிகமாக இருக்கிறது என்றெல்லாம் தெரியும். ராத்திரி வேறு ஆளை விட்டுத் துடைத்தால் அந்தச் சேதி உங்களுக்கு வராமலே போய்விடும்.

உங்கள் கையில் இருக்கிற ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு, எதையாவது தேடிக்கொண்டு மெஷினை விட்டு நகர்ந்த ஒவ்வொரு தடவைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வெட்டுகிற முனையான இன்சர்ட் எடுக்க, அளவு பார்க்கிற வெர்னியர் கடன் வாங்க, டிராயிங் கேட்க, டிராலி பிடிக்க. சனிக்கிழமை அந்தக் கோடுகளை எண்ணி சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். அந்த எண்ணிக்கையைக் குறைக்கத்தான் ஃபைவ் எஸ். குறையவில்லை என்றால் உங்கள் கம்பெனியில் நடப்பது வெறும் வெள்ளையடிப்பு.

திருப்பூரிலிருந்து ஒரு லைன் சூப்பர்வைசர்: கட்டுக் கட்டாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், எல்லா டெய்லரும் கை ஓயாமல் வேலை செய்தார்கள். இப்போது வந்திருக்கிற கன்சல்டன்ட் ஒவ்வொரு பீஸாகத் தள்ளச் சொல்கிறார். நடுவில் சிலர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜர் என்னை முறைக்கிறார்.

மேனேஜர் சும்மா இருக்கிற டெய்லரைப் பார்க்கிறார், சும்மா இருக்கிற துணியைப் பார்ப்பதில்லை.

கணக்குப் போடுவோம். நாலு ஆபரேஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம், கட்டுக்கு 30 பீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டெய்லர் 30 பீஸும் முடித்த பிறகுதான் கட்டு இரண்டாமவருக்குப் போகும். அப்படியே போனால் முதல் பனியன் கடைசி மெஷினிலிருந்து வெளியே வர 91 நிமிஷம், கட்டு முழுக்க முடிய 120 நிமிஷம். ஒவ்வொரு பீஸாகத் தள்ளினால் முதல் பனியன் நாலாவது நிமிஷத்தில் வந்துவிடும், 30 பீஸும் 33 நிமிஷத்தில் முடிந்துவிடும். யாரும் வேகமாகத் தைக்கவில்லை, கூட ஒரு மெஷின் போடவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் தப்பு எப்போது தெரிகிறது என்பது. முதல் மெஷினில் ஷோல்டர் தையல் இழுத்துவிட்டது, அது நாலாவது ஆளிடம்தான் கண்ணில் படும் என்று வையுங்கள். கட்டு முறையில் அதற்குள் 30 பீஸும் அதே கோணலோடு தைத்தாகிவிட்டது, பின்னால் இன்னும் இரண்டு கட்டு தயாராகிக்கொண்டிருக்கும். பிரித்துத் தைக்கிற கூலியை யார் கணக்கில் எழுதுவது? ஒற்றைப் பீஸ் முறையில் மூன்று நாலு பீஸோடு போய்விடும்.

டொயோட்டாவில் இந்த முறைகளை வளர்த்த தைச்சி ஓனோ ஏழு வகை வீண் என்று பிரித்தார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தூக்கிக்கொண்டு அலைவது, வேண்டாத வேலை செய்வது, ஸ்டாக், வேண்டாத அசைவு, ரிஜெக்‌ஷன். இதில் மோசமானது தேவைக்கு மேல் செய்வதுதான் என்பார், மற்ற ஆறையும் அது மூடி மறைத்துவிடுகிறது என்பதால். சும்மா உட்கார்ந்திருக்கிற டெய்லர் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறார்: அவருக்கு முந்தின ஆபரேஷனில் வேலை அதிகம். வேலையைப் பிரித்துக் கொடுங்கள், அல்லது அவருக்கு அந்த ஆபரேஷனையும் பழக்கிவிடுங்கள். கட்டு மலையாகக் குவிந்திருந்தபோது இது உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பீஸ் ரேட் கூலியை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் லைனில் சண்டைதான் வரும். மேனேஜரிடம் முதலில் அதைப் பேசுங்கள்.

ஓசூரிலிருந்து: தகடு அடிக்கிற பிரஸ்ஸில் டையை, அதாவது அச்சை, மாற்ற இரண்டரை மணி நேரம் ஆகிறது. அதனால் ஒரு தடவை போட்டால் ஒரு மாதத்துக்கான பீஸ் அடித்து வைத்துவிடுகிறோம். தப்பா?

கடுகு பொரிந்த பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதைத்தான் செய்கிறோம். பிரஸ்ஸை நிறுத்திவிட்டு டையைத் தேடப் போகிறோம், கிரேனுக்குக் காத்திருக்கிறோம், போல்ட் அளவு சரியில்லை என்று ஸ்டோருக்கு ஆள் அனுப்புகிறோம்.

ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானிய இன்ஜினியர் இதைத்தான் இரண்டாகப் பிரித்தார். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை ஒன்று, ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை இன்னொன்று. 1969-ல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நாலு மணி நேரம் ஆனது. முதலில் ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தார்கள், அப்புறம் மூன்று நிமிஷத்துக்கு. நீங்கள் மூன்று நிமிஷத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு தடவை டை மாற்றுவதை முழுக்க செல்போனில் படம் எடுத்து, மாற்றுகிற ஆட்களோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டரை மணியில் ஸ்பேனர் உண்மையில் சுற்றுகிற நேரம் எவ்வளவு என்று அவர்களே சொல்வார்கள்.

ஈரோட்டிலிருந்து: ஸ்டாக்கே வைக்காதே என்கிறார்கள். லாரி வரவில்லை என்றால்?

நியாயமான பயம். 1997 பிப்ரவரி 1-ம் தேதி அதிகாலை ஐசின் கம்பெனியின் காரியா தொழிற்சாலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது. டொயோட்டாவிடம் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்கே போதும். ஜப்பானில் டொயோட்டாவின் கார் உற்பத்தி கிட்டத்தட்ட மொத்தமாக நின்றுபோனது. சப்ளையர்கள் பலர் சேர்ந்து, அந்த வால்வையே செய்து பழக்கமில்லாதவர்கள்கூட, கையில் இருந்த மெஷின்களில் செய்து கொடுத்துச் சில நாட்களிலேயே லைனை எழுப்பிவிட்டார்கள். பின்னால் 2011 நிலநடுக்கத்துக்கு அப்புறம் சிப் போன்ற சில பொருள்களுக்கு மாதக் கணக்கில் ஸ்டாக் வைக்கச் சப்ளையர்களிடம் டொயோட்டாவே சொன்னது. காரணம் தெரிந்து வைத்தால் தப்பில்லை. 'இருக்கட்டுமே' என்று வைப்பதுதான் பிரச்சினை.

கோவையிலிருந்து ஒரு முதலாளி: எங்கள் ஆட்களுக்கு அக்கறை போதாது. ஜாப்பைத் திருப்பி மாட்டி டிரில் போட்டுவிடுகிறார்கள். அபராதம் போட்டால் சரியாகுமா?

ஆகாது ஐயா. அபராதம் போட்டால் கெட்ட ஜாப் குறையாது, ஒளித்து வைப்பது கூடும்.

செல்போனில் சிம் கார்டைத் திருப்பிப் போட யாருக்காவது வருகிறதா? ஒரு மூலையை வெட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜாப்பைப் பிடித்துக்கொள்கிற உங்கள் ஃபிக்ஸ்ச்சரில் ஒரு பின் வையுங்கள், திருப்பி வைத்தால் ஜாப் உட்காரக்கூடாது. இதற்கு ஷிங்கோ முதலில் வைத்த பெயர் 'பாகா யோகே', அதாவது முட்டாள் கைக்குக் காப்பு. 1963-ல் ஒரு தொழிற்சாலையில் இதைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், நான் என்ன முட்டாளா என்று அழுதுவிட்டாராம். அப்புறம்தான் 'போகா யோகே' என்று மாற்றினார், கைத்தவறுதலுக்குக் காப்பு என்ற அர்த்தத்தில்.

ஆட்கள் சரியில்லை என்பவர்களுக்கு நான் கலிபோர்னியா கதை ஒன்று சொல்வது வழக்கம். ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, லீவும் சண்டையும் மோசமான காரும் என்று பெயர் கெட்டு 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தில் நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே யூனியன். சீக்கிரமே அங்கிருந்து வந்த கார்கள் ஜப்பானில் செய்ததற்கு ஈடாக இருந்தன. நிர்வாகம் செய்கிற விதம்தான் மாறியிருந்தது.

சின்ன யூனிட் என்றால் இன்னொன்று: மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. 2023-ல் புதுப்பித்தார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அம்பத்தூரிலிருந்து: ஜாப்பில் குடைந்த துளைக்குள் கோடு விழுந்ததைப் பார்த்து மெஷினை நிறுத்தினேன். 'புரொடக்‌ஷன் உங்க அப்பாவா கொடுப்பாரு' என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அடுத்த தடவை நான் நிறுத்தணுமா, கண்டும் காணாம விட்டுடணுமா?

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏனென்றால் அந்த வார்த்தையைச் சொன்னவனாக நானும் இருந்திருக்கிறேன்.

ஃபோர்மேன் ஆன புதிது. நைட் ஷிப்டில் ஒரு பையன் கிரைண்டிங் மெஷினை நிறுத்திவிட்டு, சத்தம் வேற மாதிரி இருக்கு சார் என்று வந்து நின்றான். காலையில் டிஸ்பாட்ச் இருந்தது. ஓட்டுடா என்றேன், இன்னும் நாலு வார்த்தை சேர்த்து. விடியும்போது ஸ்பிண்டில் பேரிங் போய், ராத்திரி முழுக்க அரைத்த ஷாஃப்ட் ஒன்றுகூட அளவில் இல்லை. மேலே கணக்குக் கேட்டபோது நான் அந்தப் பையன் பெயரைத்தான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டான்.

டொயோட்டாவின் கதை கார் கம்பெனியில் ஆரம்பிக்கவில்லை, தறியில் ஆரம்பிக்கிறது. சகிச்சி டொயோடா 1924-ல் கொண்டுவந்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டியவர்களுக்கு அது என்ன பெரிய விஷயம் என்று சொல்லவே வேண்டாம். அறுந்த நூலோடு ஓடுகிற தறி துணி நெய்யவில்லை, ரிஜெக்‌ஷன் நெய்கிறது. நிற்கத் தெரிந்த தறி என்பதால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. 1929-ல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். ஓனோவும் அந்தக் குடும்பத்தின் நூற்பு ஆலையில்தான் 1932-ல் வேலைக்குச் சேர்ந்தார், கார் கம்பெனிக்கு வந்தது 1943-ல். லைனில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம் என்று டொயோட்டாவில் வைத்திருப்பதும் அந்தத் தறியின் வழிதான். இழுத்தவரை அங்கே திட்ட மாட்டார்கள், லீடர் ஓடிவருவார்.

உங்களுக்கு நேர்ப்பதில்: நிறுத்துங்கள். ஆனால் வெறும் கையோடு நிற்காதீர்கள். கெட்ட ஜாப்பை எடுத்து மார்க்கர் போட்டு நேரத்தை எழுதுங்கள், பக்கத்து மெஷின்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள், குவாலிட்டிக்குச் சொல்லிவிட்டு அப்புறம் சூப்பர்வைசரிடம் போங்கள். ஓட்டு என்று அவர் சொன்னால் ஷிப்ட் நோட்டில் 'சொல்லி ஓட்டியது' என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். நோட்டில் கையெழுத்துக் கேட்டால் சில சமயம் மெஷின் தானே நின்றுவிடும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி: லீன் என்றால் ஆளைக் குறைப்பதுதானே அண்ணா? மூன்று பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம்.

பல இடத்தில் அப்படித்தான் நடக்கிறது தம்பி, மறைக்க ஒன்றுமில்லை. ஜப்பானில் ஆகாதவை என்று மூன்றைச் சொல்வார்கள்: முடா, முரா, முரி. முடா என்பது வீண், முரா என்பது ஏற்ற இறக்கம், முரி என்பது ஆளுக்கோ மெஷினுக்கோ சக்திக்கு மேல் சுமை. நம் ஊர் டிரெயினிங்கில் முடாவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு முரியை ஒரு ஸ்லைடில் தாண்டிவிடுவார்கள்.

டொயோட்டாவிலும் ஒரு காலம் அப்படி இருந்தது. 1950-ல் நிறையப் பேரை அனுப்ப வேண்டிவந்து, பெரிய போராட்டம் நடந்து, கார் கம்பெனியை ஆரம்பித்த கீச்சிரோ டொயோடா தலைவர் பதவியையே விட்டு விலகினார். இனி ஆலோசனை சொன்னவன் வேலையை அந்த ஆலோசனையே பறிக்கக்கூடாது என்ற கவனம் அதற்கப்புறம் வந்ததுதான். நான் சொன்ன நும்மியில் 1988 வாக்கில் வியாபாரம் படுத்தபோது யாரையும் அனுப்பவில்லை, மிச்ச நேரத்தில் டிரெயினிங் கொடுத்தார்கள்.

அடுத்த மீட்டிங்கில் ஒன்றே ஒன்று கேளுங்கள். மிச்சமான மூன்றாவது ஆள் எங்கே போகிறார்? வேறு லைனுக்கா, கேட்டுக்கு வெளியேவா? வெளியே என்றால் உங்கள் ஆட்கள் யாரும் இனி ஒரு யோசனையும் சொல்ல மாட்டார்கள், நானாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கு ஷிப்ட் முடிவில் கை நடுங்குகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சேஃப்டி கமிட்டி இருந்தால் அங்கேயும்.

சேலத்திலிருந்து: கைசன் பெட்டியில், அதாவது ஆலோசனைப் பெட்டியில், ஏழு யோசனை எழுதிப் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பூட்டு துருப்பிடித்தே போயிருந்தது. சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னால் ஆயுத பூஜை வரை பொறுங்கள், லேத்துக்கு அடியில் கிடைக்கும்.