வாசகர் கேள்வி: இணையம் கைமாறும் இடத்துக்கு யார் முதலாளி?

லண்டனில் இணைய நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும் லிங்க்ஸ் என்ற மையத்துக்கு முதலாளியே கிடையாது என்கிறார்களே, நிஜமா? போட்டி நிறுவனங்கள் எப்படி ஒன்றாக நடத்துகின்றன? (மதுரை வாசகர்)

நிஜம்தான். பங்குகளே இல்லாத நிறுவனம் அது, உறுப்பினர்களுக்கே சொந்தம். 1990களின் தொடக்கத்தில், லண்டனில் இருக்கும் ஒருவர் பக்கத்துத் தெருக்காரருக்கு மெயில் அனுப்பினால்கூட, இருவரும் வேறு வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்றால் அது அமெரிக்கா வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும், அந்த லைனுக்கான வாடகையோ கொள்ளை. அதைத் தவிர்க்கத்தான் பைபெக்ஸ், யூகேநெட், டீமன், பிடி என்ற இணைய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களுக்கான ஜானெட் வலையமைப்பும் ஆக ஐந்தும் 1994 நவம்பரில் டாக்லேண்ட்ஸ் பகுதியிலுள்ள டெலிஹவுஸ் கட்டடத்தில் ஒரு சிஸ்கோ ஸ்விட்சை (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வைத்துத் தங்களை இணைத்துக்கொண்டன. மொத்தமே எட்டு போர்ட் (கேபிள் சொருகும் வாய்), ஒவ்வொன்றும் விநாடிக்கு 10 மெகாபிட்!

மறு வருடம் அது முறைப்படி நிறுவனமாகப் பதிவானது. பெரியதோ சின்னதோ, ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. இயக்குநர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அன்றாட வேலைக்குச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உறுப்பினர் சந்தாவும் போர்ட் கட்டணமும்தான் முக்கிய வருமானம், மிஞ்சும் பணம் யார் பாக்கெட்டுக்கும் போகாது, திரும்ப மையத்துக்கே செலவாகும். போட்டியாளர்கள் இதை நம்பி உள்ளே வருவதற்குக் காரணமே இந்த ஓட்டு முறைதான் என்பேன். மையம் ஏதோ ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருந்தால் மற்றவர்கள் அதன் தயவில்தானே பிழைக்க வேண்டும்?

உள்ளே என்னதான் நடக்கிறது? யார் யாருக்குப் பணம் தருகிறார்கள்? (கோவை வாசகி)

ஒவ்வொரு உறுப்பினரும் தன் ரவுட்டரிலிருந்து (டேட்டாவுக்கு வழிகாட்டும் கருவி) பொது ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் இழுக்கிறார். அதற்கப்புறம் ‘இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கான டேட்டாவை என்னிடம் கொடுங்கள்’ என்று பிஜிபி என்ற முறையில் ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும். இதுதான் பியரிங். பெரும்பாலும் இருவரும் பணம் கேட்டுக்கொள்வதில்லை, ஏனென்றால் இருவருக்குமே வெளிநாட்டு லைன் செலவு மிச்சம். மையம் கல்யாண மண்டபம் மாதிரி, இடத்துக்குத்தான் வாடகை, யார் யாரோடு பேசுவது என்பது வந்தவர்கள் பாடு. நூற்றுக்கணக்கான பேரோடு தனித்தனியாகப் பேச நேரமில்லாதவர்களுக்கு ரூட் சர்வர் என்று ஒன்று உண்டு, அதோடு ஒரே ஒரு இணைப்பு வைத்தால் அதில் சேர்ந்திருக்கும் மற்றவர்களின் வழித்தகவலும் வந்துவிடும். டேட்டா மட்டும் அந்த சர்வர் வழியாகப் போகாது, ஸ்விட்ச் வழியாக நேராகத்தான் போகும்.

ஒருவர் தப்பாகக் கேபிளைச் சொருகினால் எல்லோருடைய இணைப்பும் படுத்துவிடலாம் என்பதால் விதிகளில் கறார். வழக்கமாக ஒரு போர்ட்டில் ஒரே ஒரு மேக் அட்ரஸ்தான் (கருவியின் அடையாள எண்) தெரிய வேண்டும், ‘என்னிடம் கொடுங்கள்’ என்று சொல்லாதவரின் தலையில் டேட்டாவைத் தள்ளக் கூடாது. லிங்க்ஸ் இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறது: லண்டனில் வேறு வேறு கம்பெனியின் கருவிகளை வைத்து இரண்டு தனித்தனி வலையமைப்புகளை நடத்துகிறது. ஒரு கம்பெனியின் மென்பொருளில் கோளாறு வந்தால் மற்றது ஓடும்.

இதை எதிர்ப்பவர்கள் உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

உண்டு, கென்யாவைப் பாருங்கள். அங்கே இணைய நிறுவனங்களின் சங்கமான டெஸ்போக் 2000 நவம்பரில் நைரோபியில் கிக்ஸ்பி என்ற மையத்தைத் திறந்தது. வெளிநாட்டுப் போக்குவரத்தில் ஏகபோகம் வைத்திருந்த டெல்காம் கென்யா புகார் கொடுக்க, இரண்டே வாரத்தில் ஒழுங்குமுறை ஆணையம் மூடச் சொல்லிவிட்டது. உள்ளூர் டேட்டாவை உள்ளூரிலேயே கைமாற்றுவது சட்டவிரோதமாம்! சங்கம் விடவில்லை. மாதக்கணக்கில் வாதாடி, உரிமம் வாங்கி, 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அதுவரை உள்ளூர் டேட்டா செயற்கைக்கோள் வழியாக வெளிநாடு போய்த் திரும்பியது, மையம் வந்த பிறகு அந்தத் தாமதம் பல மடங்கு குறைந்தது. பணம், வேகம் இரண்டும் உள்ளூர்க்காரர்களுக்கு. இந்தப் பிடிவாதத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நான் தனியாளாக, வீட்டு பிராட்பேண்டை வைத்துக்கொண்டு இதில் சேர முடியுமா? (சேலம் வாசகர்)

அதை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. சொந்தமாக ஏஎஸ் எண் (இணையத்தில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்), இணைய முகவரிகளின் தொகுதி, பிஜிபி பேசும் ரவுட்டர், மையம் இருக்கும் டேட்டா சென்டர் வரை ஒரு லைன், இத்தனையும் வேண்டும். சின்ன ஊர் கேபிள் நிறுவனமாக இருந்தாலும் இவை கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் இதே மாதிரி மையங்களை நடத்தும், 2003இல் தொடங்கிய நிக்ஸி இருக்கிறது, சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. அதுவும் லாப நோக்கற்றதுதான், ஆனால் அரசின் கை அதிகம், லண்டன் மாதிரி உறுப்பினர் ஓட்டில் ஓடுவதல்ல.