டாக்டர் ஹூவின் 2010 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி டிக்கன்ஸின் கதையைக் கெடுத்துவிட்டதா?

கேள்வி: டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ படித்திருக்கிறேன். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்ததே இல்லை. அதே தலைப்பில் 2010இல் வந்த சிறப்புப் பகுதியை நேரடியாகப் பார்த்தால் புரியுமா? நல்ல கதையை எடுத்து விண்கலம், சுறாமீன் என்று போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

புரியும், தாராளமாகப் பாருங்கள். டாக்டர் வேற்றுக்கிரகத்தைச் சேர்ந்தவர், டார்டிஸ் என்ற நீலப் பெட்டியில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்த இடத்துக்கும் போகக்கூடியவர். ஏமி, ரோரி இருவரும் அவரோடு சுற்றுகிறவர்கள், அப்போதுதான் கல்யாணமாகித் தேனிலவுக்குப் போயிருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். அப்புறம், கெடுத்துவிட்டார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். டிக்கன்ஸின் கதைக்கு வந்த தழுவல்கள் எத்தனையோ, பெரும்பாலும் உடையையும் ஊரையும் மாற்றிவிட்டு அதே கதையைத் திரும்பச் சொல்பவை. இது அந்தக் கதையின் அடியில் இருக்கும் ஒரு விதியை எடுத்து, மீறிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கடைசிவரை போய்ப் பார்க்கிறது.

அந்த விதி என்ன என்று நீங்கள் படித்த புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த கதை அது, முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜைத் திருத்த வரும் மூன்று ஆவிகளில் முதலாவது அவரை அவருடைய பழைய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறது இல்லையா? விடுமுறைக்கு எல்லாப் பையன்களும் வீட்டுக்குப் போய்விட, ஒரே ஒரு பையன் மட்டும் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். அது தான்தான் என்று தெரிந்து ஸ்க்ரூஜ் அழுகிறார். ஆனால் அந்தப் பையனுக்கு இவரைத் தெரியாது, இவர் குரல் அவனுக்குக் கேட்காது. நடந்து முடிந்தவற்றின் நிழல்கள்தான் இவை என்று ஆவியே சொல்லிவிடுகிறது. பிரிந்துபோன காதலி பெல் திரும்பி வரப்போவதில்லை, நடந்தவற்றில் ஒரு துளியும் மாறப்போவதில்லை. ஸ்க்ரூஜ் மாறுவது வெறுமனே பார்த்ததால்தான். பார்த்தே ஒரு மனிதன் திருந்த முடியும் என்ற நம்பிக்கைதான் மொத்தக் கதையையும் தாங்குகிறது.

இப்போது கால இயந்திரம் வைத்திருக்கிற ஒருவரை இந்தக் கதைக்குள் விட்டால்? அவர் எதற்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்? நேரே போய் மாற்றிவிடலாமே. எழுதிய ஸ்டீவன் மொஃபாட் பிடித்த இடம் இதுதான்.

கதை இது. மேகமும் பனிப்படலமும் எப்போதும் மூடிக்கிடக்கிற ஒரு கிரகம். அங்கே மூடுபனிக்குள் மீன்கள் நீந்துகின்றன, சுறாவும் உண்டு. சார்டிக்டவுன் என்ற ஊரும் வானமும் கஸ்ரன் சார்டிக் என்ற கிழவரின் பிடியில் இருக்கின்றன. மேகங்களைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் அவருடைய அப்பா எலியட் கட்டியது, கஸ்ரன் தொட்டால் மட்டும்தான் அது வேலை செய்யும். அன்றைக்குப் பார்த்து ஏமியும் ரோரியும் உள்ள விண்கலம் அந்த மேகத்தில் சிக்கி விழப்போகிறது, உள்ளே 4,003 பேர். கஸ்ரன் இயந்திரத்தைத் திருப்பினால் அத்தனை பேரும் பிழைப்பார்கள். அவர் மாட்டேன் என்கிறார். இதில் அவருக்குப் பைசா லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

அவர் தொழிலைப் பார்த்தால் வயிறு எரியும். கடன் வாங்குகிறவர்கள் வீட்டில் ஒருவரை அடகு வைக்க வேண்டும். அடகு வைத்த ஆளை உறைய வைத்துப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். அப்படி உள்ளே இருக்கிற அபிகெய்ல் என்ற பெண்ணைப் பண்டிகை ஒரு நாளுக்காவது வெளியே விடுங்கள் என்று குடும்பம் வந்து கெஞ்சுகிறது. உள்ளே இருப்பவள் முக்கியமானவள் ஒன்றும் இல்லை என்கிறார் கஸ்ரன். தொள்ளாயிரம் வருஷமாகச் சுற்றுகிறேன், முக்கியமில்லாத ஒருவரை இதுவரை பார்த்ததே இல்லை என்று டாக்டர் பதில் சொல்கிறார். டாக்டராக நடிக்கும் மேட் ஸ்மித் அதைக் கத்திச் சொல்லவில்லை, ஏதோ ஆச்சரியமான விஷயம் கேள்விப்பட்ட மாதிரிச் சொல்கிறார், அதனால்தான் அது உறைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதே அறையில் வருகிறது. கெஞ்ச வந்த குடும்பத்துச் சிறுவனை அடிக்கக் கஸ்ரன் கை ஓங்குகிறார், ஆனால் அடிக்கவில்லை. டாக்டர் அதைக் கவனித்துவிட்டுப் பிறகு நாற்காலிகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். சுவரில் அப்பாவின் பெரிய ஓவியம் தொங்குகிறது, அறையில் உள்ள ஒரு நாற்காலிகூட அந்தப் படத்தைப் பார்த்துப் போடப்படவில்லை. அப்பா செத்து இருபது வருஷமாகியும் அவர் கண்ணில் படுகிற இடத்தில் இவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அவரைப் பார்த்தால் பயம், அவரைப் போலவே ஆகிவிடுவோமோ என்ற பயம் அதைவிட அதிகம். அந்தச் சிறுவனை அடிக்காமல் விட்டாயே, அதனால் நீ அவர் இல்லை என்கிறார் டாக்டர். நாற்காலி போட்டிருக்கும் திசையை வைத்தே ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிடுகிற எழுத்து இது. இதைப் பார்த்துவிட்டு யாராவது ‘சும்மா குழந்தைகள் நிகழ்ச்சி’ என்றால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் டாக்டர் வேலையை ஆரம்பிக்கிறார். கஸ்ரன் சின்னப் பையனாக இருந்தபோது பதிவு செய்த ஒரு பழைய வீடியோவை அவருக்கே போட்டுக் காட்டுகிறார். மீனைப் பார்க்கும் ஆசையில் ஜன்னலைத் திறந்ததற்காக அப்பா அடிக்கிறார், பையன் அழுகிறான். கிழவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அறையை விட்டுப் போகிறார், அடுத்த நொடி அந்தப் பழைய வீடியோவுக்குள் ஜன்னல் வழியாக நுழைகிறார், நான்தான் உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற புது ஆள் என்று! இங்கே உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு நடக்காத ஒன்று நடந்ததாக நினைவு வர ஆரம்பிக்கிறது. கிழவர் கஸ்ரனாக மைக்கேல் காம்பன் இதை நடித்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஹாரி பாட்டர் படங்களில் டம்பிள்டோராக அவரைப் பார்த்திருப்பீர்கள். இதில் பாதி நேரம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான், ஆனால் தன்னுடைய பிள்ளைப்பருவம் கண்ணெதிரே வேறொன்றாக மாறுவதைப் பார்க்கிறவரின் திகைப்பும், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளூர எழும் ஆசையும் அந்த முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகும். அப்பா எலியட்டாக நடித்திருப்பதும் அவரேதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுறாமீன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அது வேடிக்கைக்கு வைத்ததில்லை, கதையே அதை வைத்துத்தான் ஓடுகிறது. பையனுக்கு மீன் காட்ட டாக்டர் எப்போதும் கையில் வைத்திருக்கும் சோனிக் ஸ்க்ரூடிரைவர் என்ற கருவியைத் தூண்டிலாகத் தொங்கவிடுகிறார். சின்ன மீன் ஒன்று வருகிறது, அதன் பின்னாலேயே சுறா வந்து கருவியில் பாதியை விழுங்கிவிடுகிறது. மேகத்தை விட்டுக் கீழே வந்த சுறா சாகப்போகிறது, அதைத் திரும்பக் கொண்டுபோக உறைபெட்டி ஒன்று வேண்டும். அப்படித்தான் அபிகெய்லின் பெட்டி திறக்கிறது. அவள் பாடப் பாடச் சுறா அடங்குகிறது, ஏனென்றால் பனிப்படலத்தில் உள்ள படிகங்கள் அந்தக் குரலுக்கு அதிர்கின்றன. வேல்ஸ் நாட்டுப் பாடகி கேத்தரின் ஜென்கின்ஸ் நடித்திருக்கிறார், பாடல்களும் அவர் குரல்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் டாக்டரும் பையனும் வந்து அவளை எழுப்புகிறார்கள், சுறா இழுக்கும் வண்டியில் வானத்தில் சுற்றுகிறார்கள், டார்டிஸில் ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள். பையன் வளர்கிறான். அவள் அதே வயதில் இருக்கிறாள். காதல் வருகிறது. திரும்பிப் போய் மூடும்போது அவள் பெட்டியில் உள்ள எண் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்திருக்கும், அந்த எண்ணை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

வீட்டில் எல்லோருமாக இதைப் பார்த்தபோது அக்கா மகன் பாதியில் கேட்டான்: “சித்தி, அப்போ அந்தப் பழைய தாத்தா எங்கே போனார்?” அவனுக்குப் பத்து வயதுதான், ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒருவரைத் திருத்துகிறேன் என்று அவருடைய நினைவுகளையே மாற்றி எழுதினால், திருந்தியது யார்? அவர் ஒத்துக்கொண்டாரா? ஸ்க்ரூஜிடம் ஆவிகள் இந்த அத்துமீறலைச் செய்யவில்லை. டாக்டர் செய்கிறார், 4,003 பேர் சாகப்போகிறார்கள் என்ற அவசரத்தில் சிரித்துக்கொண்டே செய்கிறார், நாமும் முதலில் அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் பார்க்கிறோம்.

ஆனால் அந்த முயற்சி தோற்றுப்போகிறது! நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. அபிகெய்ல் பெட்டிக்குள் போவதற்கு முன்பே நோயாளி, அவளுக்கு மீதி இருந்தது சில நாட்கள்தான், அதைத்தான் அந்த எண் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள் பாக்கி இருக்கும்போது இளைஞன் கஸ்ரனுக்கு அது தெரியவருகிறது. பெட்டியை மூடிவிட்டு, டாக்டரையும் இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அவன் மறுபடியும் அதே கல்நெஞ்சக் கிழவனாகிறான். முன்பு அப்பாவின் பயத்தால் இறுகியவன், இப்போது துக்கத்தால் இறுகுகிறான். கடந்தகாலத்தை மாற்றியாகிவிட்டது, அன்பையும் கொடுத்தாகிவிட்டது, பலன் என்னவோ அதே ஆள்தான். காதலியோடு கழிக்க ஒரு நாள்தான் மிச்சம் என்றால் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கஸ்ரன் கேட்கிறாரே, அதற்கு டாக்டரிடம் பதில் இல்லை.

இதற்கு மேலே கதையின் முக்கியமான திருப்பத்தைச் சொல்லப்போகிறேன், தெரியாமல் பார்க்க விரும்பினால் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

மூன்றாவது ஆவி வருகிற நேரம். டிக்கன்ஸில் அது ஸ்க்ரூஜுக்கு அவருடைய கல்லறையைக் காட்டுகிறது. இங்கே கஸ்ரன் முந்திக்கொள்கிறார்: நான் தனியாகப் பயந்து சாவேன் என்று காட்டப்போகிறாயா, எல்லோரும் அப்படித்தான் சாகிறார்கள், காட்டினால் நான் மாறிவிடுவேனா? டாக்டர் எதிர்காலத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் கிழவருக்கு இல்லை. சின்னப் பையன் கஸ்ரனை அங்கே கூட்டிவந்து பின்னால் நிறுத்தியிருக்கிறார், எதிர்காலத்தைப் பார்ப்பவன் அவன். கிழவரைப் பார்த்துப் பையன் “அப்பா?” என்கிறான். இரண்டு வேடத்துக்கும் ஒரே முகம் என்பது இங்கேதான் வேலை செய்கிறது. கிழவர் அந்தப் பையனை அடிக்கக் கை ஓங்குகிறார், ஓங்கிய கையோடு உடைந்து அழுகிறார், அவனை அணைத்துக்கொள்கிறார். கால இயந்திரத்தால் முடியாததைச் செய்தது டிக்கன்ஸின் பழைய முறை, தன்னைத்தானே பார்ப்பது. மொஃபாட் விதியை மீறிவிட்டு, மீறிய வழியாகவே அந்த விதிக்குத் திரும்பி வந்திருக்கிறார்.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. மனம் மாறிய கஸ்ரன் இயந்திரத்தைத் தொடுகிறார், அது வேலை செய்ய மறுக்கிறது. கஸ்ரனுக்காகத்தான் அப்பா அதைப் பழக்கியிருந்தார், இப்படிப்பட்ட ஒரு மகனுக்காக அவர் ஒருநாளும் பழக்கியிருக்க மாட்டார். அக்கா மகன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். பழைய தாத்தா போய்விட்டார், இயந்திரமே அவரை அடையாளம் தெரியவில்லை என்கிறது. கலத்தைக் காப்பாற்ற ஒரே வழி சுறாவின் வயிற்றில் உள்ள பாதிக் கருவியும் அபிகெய்லின் குரலும்தான், அதற்கு அந்தக் கடைசி நாளைச் செலவழித்தே ஆக வேண்டும்.

எனக்குக் குறையாகப் படுவதும் அபிகெய்ல்தான். தேவைப்படும்போது திறந்து, முடிந்ததும் மூடி வைக்கிற பெண்ணாக அவளை வைத்துவிட்டார்கள். நாட்கள் அவளுடையவை, எண்ணுகிறவர்கள் ஆண்கள். தனக்கு நாள் குறைகிறது என்று தெரிந்தே ஒவ்வொரு வருஷமும் எழுந்து வந்தாள், அந்த முடிவு அவளுடையது என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அதை அவள் வாயால் நாலு வரி சொல்ல விட்டிருக்கலாம், ஒரு மணி நேரப் படத்தில் அதற்கு இடம் இல்லாமல் போகாது. ஹாலிவுட்டுக்குப் போகிற பகுதியைச் சுருக்கியிருந்தாலே போதும்.

இது எந்த மாதிரி நேரத்துக்கு எழுதப்பட்டது என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று மாலை, விருந்து சாப்பிட்டுவிட்டுப் பாட்டி முதல் பேரன்வரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டிஷ் குடும்பங்களுக்காக பிபிசி ஒன் போட்டது. 2005இல் தொடர் மறுபடி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு சிறப்புப் பகுதி வந்துகொண்டிருந்தது, மொஃபாட் பொறுப்பேற்ற பிறகு எழுதிய முதலாவது இது. இயக்கியவர் டோபி ஹேன்ஸ். ஏமியும் ரோரியும் போலீஸ் உடையிலும் ரோமானியப் போர்வீரன் உடையிலும் ஓடிவருவது மாதிரியான கலகலப்பு அதனால்தான் நிறைய இருக்கும். அடுத்த வருஷம் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

பார்க்கும்போது ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், மேட் ஸ்மித் படபடவென்று பேசுவார், நாற்காலி வசனம் கைநழுவிப் போய்விடும். இது பிடித்துவிட்டால் அடுத்ததாக 2005இல் வந்த ‘தி அன்க்வயட் டெட்’ பகுதியைப் பாருங்கள். 1869 கிறிஸ்துமஸ் சமயத்தில் கார்டிஃப் நகரில் நடக்கும் கதை, சைமன் காலோ அதில் டிக்கன்ஸாகவே வருகிறார், நிஜமான ஆவிகளைப் பார்த்து அவர் மிரளுவதும் பிறகு தெளிவதும் நன்றாக இருக்கும்.