பக்கத்து வீட்டுச் சிம்னிக் குழாயை நம் மனைக்குள் நீட்ட அனுமதி கேட்டால் என்ன செய்வது?

பக்கத்து வீட்டுக்காரர், எல்லையை ஒட்டிய தம் சமையலறைச் சுவரைத் துளைத்து, சிம்னிக் குழாயை உங்கள் சந்துக்குள் ஓர் அடி நீட்டிக்கொள்ள வாய்மொழியாக அனுமதி கேட்பதாகவும், மறுத்தால் மனக்கசப்பு வருமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடலூர் புதுப்பாளையத்தில் எங்களுக்கும் இதே கோரிக்கை மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தது. நான் குழாயை அனுமதிக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் சிம்னி ஓடுகிறது, பொங்கலுக்குக் கரும்பும் இன்னும் மதில் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. சிம்னி வேண்டும் என்பதையும், அதன் குழாய் நம் மனைக்கு மேலே வர வேண்டும் என்பதையும் இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பேசியதால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன்.

அவர்கள் வீடு எங்களுக்கு வடக்கே, கிழக்குப் பார்த்த வாசலோடு இருக்கிறது. வாஸ்துப்படி சமையலறை தென்கிழக்கு மூலையில் அமைந்திருப்பதால், அதன் தெற்குச் சுவர் எங்கள் மூன்றடிச் சந்தின் ஓரத்தில் நிற்கிறது. அதற்கு நேர் எதிரே என் அம்மாவின் அறைச் சன்னல். அடுப்போ கிழக்குச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியென்றால் குழாயைக் கிழக்குச் சுவர் வழியாக நேராக வெளியே விடுவதே எளிது. எதற்காக ஒரு வளைவு போட்டுத் தெற்கே திருப்ப வேண்டும் என்று கேட்டபோது, அந்தத் தம்பி சற்றுத் தயங்கிவிட்டு, “வாசல் பக்கம் புகை வந்தா நல்லா இருக்காதுண்ணா” என்றார். எங்கள் சன்னல் பக்கம் வந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சிம்னி மாட்ட வந்தவர் காட்டிய இடத்தை அவர் ஒப்புக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவர் கேட்ட மாதம் சித்திரை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். “ஒரு வாரம் போட்டுப் பார்ப்போம், தொந்தரவு என்றால் எடுத்துவிடுகிறேன்” என்றும் சொன்னார். நம் கடற்கரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அந்த ஒரு வாரத்தில் தெற்கு நோக்கிய குழாயிலிருந்து வரும் புகை அவர்கள் சுவரிலேயே மோதித் திரும்பும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் காற்று வடகிழக்குக்கு மாறித் தை வரை வாடை வீசும்போதுதான், தாளிப்பு முதல் நெத்திலிக் கருவாடு வரை எல்லாம் நேராக அம்மாவின் அறைக்குள் வரும். (கருவாட்டு வாசனையில் அம்மாவுக்கு மறுப்பில்லை, மிளகாய் வற்றல் நெடியில்தான் இருமல் வரும்.) ஆகவே எந்தச் சோதனைக்கும் ஒப்புக்கொள்ளும் முன், உங்கள் வீடு எந்தத் திசையில் இருக்கிறது, எந்த மாதங்களில் காற்று உங்கள் பக்கம் வரும் என்று பாருங்கள். இதையே நான் அவருக்கும் ஒரு காரணமாகச் சொன்னேன்: கோடையில் கடற்காற்று அந்தக் குழாயின் வாயில் எதிர்த்து அடிக்கும்போது புகை அவர்கள் சமையலறைக்கே திரும்பும். என் சங்கடத்தைவிட இந்த வாதம் அவரிடம் வேகமாக எடுபட்டது.

இனிச் சட்டப் பக்கம். வாய்மொழி அனுமதிக்கு நான் அஞ்சுவதற்கு வீட்டு அனுபவம் ஒன்று இருக்கிறது. எங்கள் மேற்குப் பக்கத்து வீட்டு மழைநீர்த் தூம்பு எங்கள் மனையில் விழ, என் அப்பா நட்புக்காகத் தலையாட்டியிருந்தார். அப்பாவும் போய், அந்த வீடும் கைமாறிய பின், அந்த மூலையில் நாங்கள் ஒரு கழிவறை கட்டப் போனபோது, “தண்ணீர் எப்போதும் இங்கேதான் விழுகிறது” என்றார் புதியவர். அப்பா தலையாட்டியதற்குக் காகிதம் எதுவும் இல்லை. கடைசியில் எங்கள் செலவில் குழாய் வைத்து நீரைத் திருப்பிவிட்டோம்.

ஈஸ்மென்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதில் சில இடங்களில் நம்மைத் தொடுகிறது. 15ஆவது பிரிவின்படி, பிறர் நிலத்தின் மீது ஒரு வசதியை 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் அமைதியாகவும் தடையின்றியும் உரிமையாகவே அனுபவித்துவந்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். காற்றை மாசுபடுத்தும் உரிமைகூட இப்படி வரக்கூடும் என்பதை 28ஆவது பிரிவு கருத்தில் கொண்டு, அதன் அளவைத் தொடக்கக் கால மாசின் அளவோடு நிறுத்துகிறது. ஆனால் அந்த 15ஆவது பிரிவின் விளக்கமே, வசதியுரிமையாகத் தரப்படவில்லை என்று தெரியும்படியான உடன்பாட்டின்பேரில் நடக்கும் அனுபவம் இந்தக் கணக்கில் சேராது என்கிறது. அதாவது, எழுதிக் கொடுத்த அனுமதி நம்மைக் காக்கும், எழுதாத பெருந்தன்மை காக்காமல் போகலாம். இன்னொன்று 60ஆவது பிரிவு: வெறும் அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றாலும், அதை நம்பி எதிர்த்தரப்பு செலவு செய்து நிரந்தரத் தன்மையுள்ள வேலை ஒன்றைச் செய்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. சுவரில் மாட்டிய குழாய் நிரந்தர வேலையா என்று பிற்பாடு நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட, அது நிரந்தரம் அல்ல என்று முன்பே இருவரும் எழுதிக்கொள்வது மலிவானது.

எங்கள் விஷயத்தில் எழுதும் நிலையே வரவில்லை. குழாயைக் கிழக்குச் சுவர் வழியே எடுத்து, அவர்கள் சுவரோடு மேலே ஏற்றி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி விடலாம் என்று நானே ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். வாசலில் நிற்பவர் மூக்குக்கும் புகை எட்டாது, என் அம்மாவின் சன்னலுக்கும் வராது. குழாய் நீளமாகவும் வளைவுகள் அதிகமாகவும் இருந்தால் இழுவை குறையும் என்பது உண்மை. அவர்களுடையது ஒற்றை மாடி வீடு என்பதாலும் வளைவுகளைக் குறைத்ததாலும் குறை எதுவும் இதுவரை சொல்லவில்லை. உப்புக் காற்றில் இரும்புத் தகடு துருப்பிடிக்கும் என்பதால் ஆறங்குலப் பிவிசி குழாய் போட்டு, நெருக்கமாகக் கிளாம்பு அடித்து, மழை இறங்காதபடி தொப்பி மாட்டினார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ என்ற புயலைப் பார்த்தவர்களுக்குக் கிளாம்பு ஏன் நெருக்கமாக வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

பேசிய விதத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மதிலுக்கு இப்பால் நின்று பதில் சொல்லாமல், அவர்கள் வீட்டுக்கே போய்ச் சமையலறையைப் பார்த்தேன். “சிம்னி அவசியம் போடுங்கள் தம்பி, குழாய் மட்டும் நம் எல்லையைத் தாண்ட வேண்டாம், அம்மா அறை அங்கே இருக்கிறது” என்றேன். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று இழுக்கவில்லை. நாம் இழுக்கும் நாட்களில் கொத்தனார் வந்து ஓட்டை போட்டுவிடுவார்.

உங்கள் பக்கத்து வீட்டில் வேறு வழியே இல்லை என்றால், எழுதிக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவை: இது தனிப்பட்ட அனுமதி, வசதியுரிமை அல்ல. வீட்டுச் சமையலுக்கு மட்டும், மெஸ்ஸோ பலகாரத் தொழிலோ தொடங்கினால் செல்லாது. குழாய் எத்தனை அங்குலம் நீளலாம், எந்த உயரத்தில். எண்ணெய் வடிந்து சுவர் கறையானால் அவர் சுத்தம் செய்து வெள்ளையடிக்க வேண்டும். இத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் அவர் செலவிலேயே எடுத்துவிட வேண்டும், அது நிரந்தர வேலையாகக் கருதப்படாது. முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கையெழுத்திடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது. உங்கள் வீட்டை விற்றால் வாங்குபவரை இந்த அனுமதி கட்டுப்படுத்தாது என்பது 59ஆவது பிரிவு. அதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பின்னால் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது.

நீங்கள் பதில் சொல்வதற்குள் ஓட்டை போட்டிருந்தால், இன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) மறுப்பைத் தெரிவித்துவிடுங்கள். கடிதம் போவதற்கு முந்தின நாள் நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வாருங்கள். தபால்காரர் கையிலிருந்துதான் அவர் இதை முதன்முதலில் அறிந்தார் என்று இருக்க வேண்டாம்.