தாக்கோல் யாருடைய சொல்?

கேள்வி: எங்கள் வீட்டில் சாவியைத் 'தாக்கோல்' என்றுதான் சொல்வோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மருமகள், "அத்தை, அது மலையாளம், தமிழில் சாவி" என்கிறாள். நாங்கள் பேசுவது கலப்புத் தமிழா?
- வாசகி ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: அம்மா, உங்கள் வீட்டுச் சொல்லை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கதவை அடைத்து நிற்பது தாழ்; 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று வள்ளுவர் கேட்பது அந்தத் தாழைத்தான். அதை நீக்கும் கோல் தாழ்க்கோல். பேச்சில் அது தாக்கோல் ஆயிற்று. மதுரையிலும் தாழ்ப்பாளைத் தாப்பாள் என்றுதான் சொல்கிறார்கள். அங்கும் இதே ழகரம்தான் மறைகிறது, அதை யாரும் மலையாளம் என்பதில்லை.

உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்குக் கோல் என்ற பெயர் எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. கல்குளம் பக்கத்துப் பழைய வீடொன்றில், நெல் வைக்கும் அறையின் தாக்கோலைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் நுனியில் கொக்கிபோல ஒரு வளைவு. கதவிலுள்ள துளைக்குள் அதைச் செலுத்தி, உள்ளே இருக்கும் தாழைத் தடவிப் பிடித்து ஒதுக்கினால்தான் கதவு திறக்கும்.

சாவி என்பதோ போர்த்துக்கீசியரின் 'சாவே'. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பகுதியில் வந்திறங்கிய பிறகு, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவற்றோடு நமக்கு வந்து சேர்ந்த சொல் அது. கொச்சியை 1663இல் டச்சுக்காரர் பிடிக்கும்வரை போர்த்துக்கீசியர் அங்கே கோட்டை கட்டி வாழ்ந்தனர். அவர்களுடைய நாற்காலியின் பெயரைக் கசேரை என்று ஏற்றுக்கொண்ட மலையாளம், தாக்கோலை மட்டும் கைவிடவில்லை. உங்கள் விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பதால், இங்கே சற்று வேறாக ஒலிக்கும் சொல்லையெல்லாம் மலையாளம் என்று ஒதுக்கும் பழக்கம் வெளியூர்களில் வேரூன்றிவிட்டது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மருமகள் சாவி என்றே சொல்லட்டும், அதுவும் இப்போது தமிழ்தான். நீங்கள் தாக்கோலை விடாதீர்கள்.

கேள்வி: முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கம் 'அண்டி' என்கிறோம். கேரளத்தில் 'பறங்கியண்டி' என்கிறார்களே, பறங்கி எங்கிருந்து வந்தது?
- வாசகர் ஒருவர், களியக்காவிளை

பதில்: ஐரோப்பியரை அரபு, பாரசீக வழக்கில் பிராங்கு இனத்தாரின் பெயரால் அழைத்தனர், அது நம் நாவில் பறங்கி ஆயிற்று. முந்திரியின் தாயகம் பிரேசில். அதைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர் என்பதால், கொண்டுவந்தவர் பெயரே கொட்டைக்கும் அமைந்தது. மாங்கொட்டையை மலையாளத்தில் மாங்கயண்டி என்பதுபோல, அண்டி என்பது கொட்டையைக் குறிக்கும் நாட்டுச் சொல். பருப்பு உடைக்கும் ஆலையை உங்கள் ஊரில் 'அண்டி ஆபீஸ்' என்பார்களே, அதில் பின்பாதி மட்டும் ஆங்கிலம்.