காமிக்ஸ் கேள்வி - பதில்: நான்கு மில்லிமீட்டர் நாயகன்

கேள்வி: 'ஜஸ்டிஸ் லீக் வெர்சஸ் காட்ஜில்லா வெர்சஸ் காங்' படிக்க ஆசை. காட்ஜில்லா, காங் என்ற ராட்சத விலங்குகளின் படங்களையும், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனத்தின் பழைய இதழ்களையும் முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நேராக முதல் இதழை எடுங்கள். டிசியும், அந்த ராட்சதப் படங்களை எடுக்கும் லெஜண்டரி நிறுவனமும் சேர்ந்து 2023 அக்டோபரில் தொடங்கிய தொடர் இது, மொத்தம் 7 இதழ்கள். கதை பிரையன் புச்செலாட்டோ, சித்திரம் கிறிஸ்டியன் டூசே. சூப்பர்மேனின் கோட்டைக்குள் புகும் வில்லன் கும்பல் அங்கே நடக்கும் குளறுபடியில் ராட்சதர்களின் உலகத்தில் போய் விழுகிறது. பின்னாலேயே ராட்சதர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். காதலி லோயிஸிடம் திருமணப் பேச்சை எடுக்க சூப்பர்மேன் தயாராகும் நேரத்தில் நகருக்குள் நுழைகிறது காட்ஜில்லா. டிசியின் வழக்கமான வரிசையில் இருவரும் கணவன் மனைவி. இங்கே அப்படியில்லை என்பதே இது தனிக்கதை என்பதற்கு அடையாளம். 2025-ல் இரண்டாம் பாகமும் வரத் தொடங்கியது.

கேள்வி: சூப்பர்ஹீரோக்களோடு காட்ஜில்லா மோதியது இதுதான் முதல் முறையா?

பதில்: இல்லை. டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல், 1977 முதல் 1979 வரை காட்ஜில்லா தொடராக 24 இதழ்கள் வெளியிட்டது. கதை டக் மோன்ச், சித்திரம் ஹெர்ப் டிரிம்பே. மார்வெல் வாங்கியிருந்தது காட்ஜில்லாவுக்கான உரிமையை மட்டும்தான். காட்ஜில்லா படங்களில் வரும் மோத்ரா, ரோடான் போன்ற மற்ற ராட்சதங்களைத் தொட முடியாததால் புது ராட்சதர்களையும் ரெட் ரோனின் என்ற பிரம்மாண்ட ரோபோவையும் உருவாக்கிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் மார்வெலின் விஞ்ஞானி நாயகன் ஹாங்க் பிம் தயாரித்த வாயுவால் காட்ஜில்லாவைச் சுருக்கிவிடுவார்கள். அது சாக்கடையில் ஓர் எலியோடு மல்லுக்கட்டும்! இந்த வகைக் கதையின் உயிரே உருவ அளவு வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த எலி ஒன்றே காட்டிவிடுகிறது. கடைசி இதழில் மார்வெலின் நாயகர் அணிகளான ஃபென்டாஸ்டிக் ஃபோரும் அவெஞ்சர்ஸும் நியூயார்க்கில் எதிர்த்து நிற்பார்கள்.

கேள்வி: நானே இப்படியொரு கதை வரைகிறேன். என் ராட்சதன் ரப்பர் உடை மாட்டிய ஆள் போலத் தெரிகிறான். நாயகனைச் சரியான அளவில் போட்டால் புள்ளியாகிவிடுகிறான். எங்கே தவறு?

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். அண்மைக்காலப் படங்களின் காட்ஜில்லா ஏறக்குறைய 120 மீட்டர். அச்சான பக்கத்தின் உயரம் 26 செ.மீ. அதில் ராட்சதனுக்கு 24 செ.மீ. கொடுத்தால், 1 செ.மீ. என்பது 5 மீட்டர். 1.9 மீட்டர் நாயகன் வெறும் 3.8 மில்லிமீட்டர், தலை அரை மில்லிமீட்டர்கூட வராது. அந்த அளவில் கண், மூக்கு வரைய முயன்றால் மை திட்டாகிவிடும். உருவக்கோடும் மேலங்கியின் ஒற்றை நிறமும் போதும். பின்னணியைச் சாம்பலில் வைத்தால் சிவப்பு மேலங்கி ஒரு சொட்டாக இருந்தாலும் கண்ணில் படும்.

ராட்சதனின் முழு உருவத்தைப் பக்கத்துக்கு ஒரே கட்டத்தில் (பேனல்) காட்டுங்கள். மற்ற கட்டங்களில் நாயகனுக்கு அருகில் போய்விடுங்கள். அங்கே ராட்சதன் முழுதாகத் தெரியக் கூடாது. கட்டத்தை அடைத்துக்கொண்டு செதில், நகம், கண்விழியின் ஓரம், இவ்வளவுதான். நாயகனும் ராட்சதனும் தலை முதல் கால் வரை ஒரே கட்டத்தில் சம உயரத்தில் நிற்கும்போதுதான் அந்த ரப்பர் உடை தோற்றம் வருகிறது.

அடுத்தது தொடுவானக் கோடு. தெருவில் நிற்பவரின் கண் மட்டத்தில், அதாவது ராட்சதனின் கணுக்காலுக்கும் கீழே அது ஓட வேண்டும். பலர் அதை ராட்சதனின் மார்புக்கு நேராகப் போட்டுவிடுகிறார்கள். உடனே நகரம் மேசைமேல் வைத்த பொம்மையாகிவிடும். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 40 மாடிக் கட்டடம் அவன் உச்சந்தலையைத் தொடும். ஜன்னல் வரிசைகளை எண்ணி வரையுங்கள், வாசகர் கண் தானாக அளந்துகொள்ளும்.

செதில்கள் பெரிதாக இருந்தால் உருவம் பல்லியாகச் சுருங்கும். பொடியாக, நெருக்கமாகப் போடுங்கள். தலைப்பகுதியின் கோடுகள் மெலிந்து, லேசாகப் புகை மூடட்டும்.

வேகக்கோடுகளை ராட்சதன் மேல் இழுக்கவே இழுக்காதீர்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறக்குறைய நாலரை விநாடி ஆகும். முதல் கட்டத்தில் வால் கோபுரத்தில் மோதட்டும். இரண்டாவதில் நாயகன் நிமிர்ந்து பார்க்கட்டும், இடிபாடு இன்னும் காற்றிலேயே இருக்கட்டும். மூன்றாவதில்தான் அது விழ வேண்டும். எடை தெரிவது இந்தத் தாமதத்தில்தான்.

கேள்வி: என் நாயகன் மகா பலசாலி. ஒரே குத்தில் கதை முடிந்துவிடுமே?

பதில்: அதனால்தான் டிசி தொடரில் காட்ஜில்லாவின் அணுக்கதிர் மூச்சு சூப்பர்மேனை ஆரம்பத்திலேயே வீழ்த்திவிடுகிறது. நீங்களும் மிகப் பலசாலியை முதலில் களத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்குக் குத்துச்சண்டை தவிர்த்த வேலைகள் கொடுங்கள்: ஒருவர் மக்களை வெளியேற்ற, ஒருவர் ராட்சதனைக் கடல் பக்கம் இழுத்துப் போக, ஒருவர் அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க.

கேள்வி: கர்ஜனையை எவ்வளவு பெரிதாக எழுதுவது?

பதில்: பக்கத்தின் அகலம் முழுக்க எழுதலாம். ஆனால் எழுத்துகளைக் கட்டடங்களுக்குப் பின்னால் செருகுங்கள். கோபுரங்கள் எழுத்தின் பாதியை மறைக்கட்டும். மேலே ஒட்டிய எழுத்து லேபிள் போலத்தான் இருக்கும். பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும் எழுத்து, சத்தம் ஊருக்கு அப்பாலிருந்து வருவதைக் காட்டும்.